மிளகாயா, டத்தோவா?

மேடையில் பேசத் தெரியாதவர்களால் உலகத்துக்குப் பெரிய ஆபத்து ஒன்றும் கிடையாது. நாலு வார்த்தை திக்குவார்கள், தண்ணீர் குடிப்பார்கள், வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆபத்தெல்லாம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்குப் போய்விட்டு மூன்றாம் நாள் பேச எழுந்திருப்பவர்களால்தான். இதை அடித்துச் சொல்வேன், ஏனென்றால் அந்த ஆபத்து நான்தான்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பெட்டாலிங் ஜெயாவில் தீயணைப்புக் கருவிகள் விற்கும் சின்ன கம்பெனி ஒன்றில் வேலை. ஆறு மாத புரொபேஷன் முடிந்தும் என்னை நிரந்தரமாக்காமல் இன்னும் மூன்று மாதம் நீட்டி வைத்திருந்தார் முதலாளி மிஸ்டர் லிம். காரணம் என் வாய். சிநேகிதிகளிடம் மூடாத வாய், வாடிக்கையாளர் முன்னால் திறக்காது. திறந்தாலும் குரல் தொண்டையைத் தாண்டாது. தீயை அணைக்கும் கருவியை விற்க வந்தவள் மாதிரி இல்லை, தீயில் மாட்டிக்கொண்டவள் மாதிரி நிற்கிறாய் என்று ஆங்கிலத்தில் ஒருநாள் சொன்னார். (நல்ல மனுஷன்தான். உண்மையைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுவார், அவ்வளவுதான்.)

இன்னொரு பக்கம் கிள்ளானில் என் அப்பா காத்துக்கொண்டிருந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு லோரி ஆபீசில் வேலை அவருக்கு. எந்த லோரி எங்கே நிற்கிறது என்று எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் விஷயத்திலும் அதே பழக்கம். நான் வேலைக்குப் பக்கத்தில், சுங்கை வேயில் இரண்டு சிநேகிதிகளோடு அறை எடுத்துத் தங்கியது அவருக்குப் பிடிக்கவேயில்லை. ஒன்பது மாதத்துக்குள் வேலை உறுதியாகவில்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும், மாமாவின் கார் லைசன்ஸ் பள்ளி ஆபீசில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அந்த நாற்காலியை எனக்குத் தெரியும். தலைக்கு மேல் ஏர்கான் சொட்டும், பக்கத்தில் மாமா பேசிக்கொண்டே இருப்பார். இரண்டும் நிற்காது.

அதனால்தான் எட்டாவது மாதம் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன்.

ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில், சனி ஞாயிறு இரண்டு நாள், ‘இளைய நிபுணர்களுக்கான தன்னம்பிக்கைப் பேச்சு’. இருபது பேர் இருந்தோம். பேங்க், இன்சூரன்ஸ், ஒரு பல் ஆஸ்பத்திரித் தாதி. எல்லாருக்கும் ஒரே வியாதி. கோச் பிரேம் என்பவர்தான் பயிற்சியாளர். காலணி அப்படி மின்னும், அவர் நடந்தால் எங்கள் கண் காலணியோடு நடக்கும். காலையில் எல்லாருக்கும் சிங்கம் மாதிரி தன்னம்பிக்கை வந்துவிடும். பதினொன்றரைக்குக் கீழே சாம்பார் கொதிக்க ஆரம்பித்ததும் அது இறங்கிவிடும்.

அவர் சொன்னதையெல்லாம் நான் வேதவாக்காக எழுதி வைத்தேன். அறையில் யார் பெரிய மனிதர் என்று நுழைந்த உடனே கண்டுபிடி. அவரைப் பட்டத்தோடு கூப்பிட்டு ஆரம்பி, அவருக்கே பேசு. யாராவது குறுக்கே வந்தால் புன்னகை செய், உள்ளங்கையைக் காட்டு, தொடர்ந்து போ. கேட்பவர் கண்ணில் ஈரம் பார்த்துவிட்டால் நீ ஜெயித்துவிட்டாய். என்ன ஆனாலும் மேடையில் மட்டும் மன்னிப்புக் கேட்காதே. இந்தக் கடைசி வரிக்கு மூன்று கோடு போட்டேன். அதற்கு முன்னால் நான் ஒரு பேச்சில் பாதி நேரம் ‘சாரி’ சொல்லியே கழித்தவள்.

மறுநாள் திங்கள்கிழமை. கிள்ளானில் ஒரு மசாலாத் தொழிற்சாலை. மிளகாய்த்தூள், மல்லித்தூள், மீன் கறித்தூள் எல்லாம் அரைத்து நாடு முழுக்க அனுப்புகிறவர்கள். அவர்களுடைய இரண்டு கட்டடங்களுக்கும் தீயணைப்புக் கருவிகள், பராமரிப்பு, ஊழியர்களுக்குப் பயிற்சி என்று மூன்று வருட ஒப்பந்தம். முதலாளி, சூப்பர்வைசர்கள் எல்லாரும் தமிழர்கள் என்பதால், தமிழில் பேச என்னை விட்டால் லிம்முக்கு வேறு ஆள் இல்லை. இது நடந்தால் அன்றைக்கே உன் நிரந்தர வேலைக் கடிதத்தில் கையெழுத்து, நடக்காவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். காரில் போகும்போது மூன்று முறை நினைவுபடுத்தினார்: முதலாளி டத்தோ சேகர், போன வருடம்தான் பட்டம் கிடைத்திருக்கிறது, மறக்காமல் டத்தோ என்று கூப்பிடு.

இதை நான் மறப்பேனா? டத்தோ என்பது இங்கே அரண்மனையில் கொடுக்கும் பட்டம். அதை வாங்கியவரை வெறும் மிஸ்டர் என்று கூப்பிடுவது, கல்யாணப் பந்தியில் சம்பந்தி இலைக்கு மட்டும் பாயசம் போடாமல் தாண்டிப் போகிற மாதிரி. ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சாகும்வரை மறக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு சிக்கல்தான். டத்தோ சேகரை நானும் பார்த்ததில்லை, லிம்மும் பார்த்ததில்லை. எல்லாம் அவருடைய ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா, வழியாகப் போனில் பேசியதுதான்.

ஆனால் எனக்குப் பயிற்சி இருக்கிறதே. வரவேற்பறையில் நுழைந்த உடனே சுவரைப் பார்த்தேன். ஒரு முழுப்பக்கப் பத்திரிகை வாழ்த்து விளம்பரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. நம்மவருக்குப் பட்டம் கிடைத்தால் சொந்தக்காரர்கள் பத்திரிகையில் போடுவார்களே, அதே. இரண்டு பேர் நின்றார்கள், இரண்டு பேர் கழுத்திலும் ஆளுயர மாலை. நடுவில் பெரிய உடம்பாக, நரைத்த மீசையோடு ஒருவர். ஓரமாக ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவர். பெயர் அச்சாகியிருந்த இடத்தை ஒரு பிளாஸ்டிக் பூச்செடி மறைத்துக்கொண்டிருந்தது. செடியை நகர்த்த இரண்டு விநாடி ஆகியிருக்கும். நகர்த்தவில்லை. மீசைக்காரர்தான் டத்தோ என்று முடிவு கட்டினேன். நடுவில் நிற்பவருக்குத்தானே பட்டம்?

மீட்டிங் அறையில் பதினைந்து பேர் இருந்தார்கள். முன்வரிசை நடுவில் அதே மீசைக்காரர், பளபளவென்று பூப்போட்ட பாத்தேக் சட்டையில். என் கணக்கு சரியாகிவிட்டது. அந்த அறைக்கும் அரவைக்கூடத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய பலகைதான். அன்றைக்குப் பார்த்து மிளகாய் அரவை. நெடியை வெளியே தள்ளும் ஃபேன் வேறு கெட்டுப்போயிருந்ததாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது மூக்கு லேசாக எரிந்ததைப் பதற்றம் என்று நினைத்து, கோச் சொல்லிக்கொடுத்தபடி ஆழமாக மூச்சு இழுத்தேன். (ஆழமாக! மிளகாய்த்தூளை!)

புரொஜெக்டர் படம் மங்கலாகத் தெரிந்தது. கதவோரம் கம்பெனி டீ-சட்டை போட்ட ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய மனிதர்களை மட்டும் பார்க்கப் பழகியிருந்த என் கண்ணுக்கு அவர் முகம் படவேயில்லை.

“அண்ணே, அந்த லைட்ட கொஞ்சம் அடைக்கிறீங்களா?” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் அடைத்தார். சும்மா நிற்கிறாரே என்று கையிலிருந்த விளக்கத்தாள்களையும் அவரிடமே கொடுத்து எல்லாருக்கும் விநியோகிக்கச் சொன்னேன். அதையும் செய்தார். அறையில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. ஆகா, என் ஆளுமை வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

இரண்டு விநாடி மௌனம் காத்து, மீசைக்காரரை நேராகப் பார்த்து, வணக்கத்துக்குரிய டத்தோ அவர்களே என்று ஆரம்பித்தேன்.

அவர் திரும்பித் தன் பின்னால் பார்த்தார். என்ன அடக்கம் என்று வியந்துவிட்டு, தீ எப்படிப் பிடிக்கிறது என்பதற்குப் போனேன். டத்தோ, தூள் பறக்கிற இடத்தில் ஒரு சின்னப் பொறி போதும். டத்தோ, உங்கள் வாசலுக்குப் போக எத்தனை வழி என்று உங்களுக்குத் தெரியுமா. மூச்சுக்கு மூச்சு டத்தோ. ஒரு கட்டத்தில் அவர் கையைத் தூக்கி, “இல்லம்மா, நான் வந்து...” என்று ஆரம்பித்தார். நான் புன்னகைத்தேன். உள்ளங்கையைக் காட்டினேன்.

“கேள்விங்கள கடைசியில எடுத்துக்கலாம், டத்தோ.”

கை இறங்கிவிட்டது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று ஒரு சத்தம் போட்டு, இருமலாக மாற்றினார்கள். பக்கத்திலிருந்த கிராணி லிம்மின் காதில் ஏதோ சொல்ல, லிம் என்னைப் பார்த்துக் கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தார். நேரமாகிவிட்டது, சுருக்கு என்கிறார் என்று புரிந்துகொண்டு மூன்று பக்கங்களைத் தாண்டினேன். அவர் இரண்டு கையையும் ஆட்டினார். இன்னும் வேகமா? வேகமாகப் பேசினேன். அவர் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் புரியாதபோது நிற்கக்கூடாது என்பதும் பயிற்சியில் இருந்தது.

அப்புறம்தான் அந்த ஈரத்தைப் பார்த்தேன். படத்தின் வெளிச்சத்தில் சூப்பர்வைசர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். டைப்பிஸ்ட் பெண் துப்பட்டாவால் மூக்கை மூடியிருந்தாள். முன்வரிசையில் மீசைக்காரரின் கண் நிறைந்து, ஒரு துளி மீசையில் இறங்கி நின்றது. தீயணைப்பு சிலிண்டரைப் பற்றிப் பேசி ஊரையே அழவைத்துவிட்டேன்! என் கண்ணிலும் நீர் வந்தது. பெருமையால் என்று நினைத்தேன்.

பேசி முடித்து, இப்போது கேளுங்கள் டத்தோ என்று கை நீட்டினேன். மீசைக்காரர் மெதுவாக எழுந்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

“தங்கச்சி, நல்லா பேசுன. ஆனா நான் கோபால். டத்தோ என் தம்பிம்மா. லைட்ட அடைச்சாரே, அவருதான்.”

இருட்டில் கதவோரம் இரண்டு கண்ணாடி வில்லைகள் மின்னின. வாழ்த்து விளம்பரத்தில் ஓரமாக நின்ற அதே ஒல்லி உருவம், டீ-சட்டையில், கையில் மீதித் தாள்களோடு.

இந்த இடத்தில் ஒரு மனுஷி என்ன செய்ய வேண்டும்? மன்னிப்புக் கேட்க வேண்டும். பால்குடி மாறாத பிள்ளைக்குக்கூடத் தெரியும். நானும் வாயைத் திறந்தேன். மூன்று கோடு போட்ட வரி குறுக்கே வந்து நின்றது. மன்னிப்புக் கேட்காதே, நிற்காதே, தொடர்ந்து போ. மூளை எங்கே போனதோ, வாய் தானாகப் பேசியது.

“அப்ப... லைட்ட போடுங்க, டத்தோ.”

யாரோ தும்மினார்கள். லைட் எரிந்தது. டத்தோ சேகர் தாள்களை மேசையில் வைத்துவிட்டு, வெளியே போய்விட்டார். பட்டம் கொடுக்க ஒரு அரண்மனை வேண்டும். நான் ஒரு புரொஜெக்டரை வைத்துக்கொண்டு ஒருவருக்குக் கொடுத்து, இன்னொருவரிடமிருந்து பறித்துவிட்டேன்.

திரும்பும் வழியில் லிம் பாதி தூரம் ரேடியோவை மாற்றிக்கொண்டே வந்தார். அப்புறம், நீ ஏன் சாரி சொல்லவில்லை என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பயிற்சியில் சொல்லக்கூடாது என்றார்கள் என்றேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு இன்றுவரை எனக்கு அர்த்தம் தெரியாது.

அந்த வாரம் முழுவதும் அறையில் உட்கார்ந்து பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் மாமாவின் ஏர்கானைப் பற்றி மட்டும் இல்லை. எனக்கு உண்மையிலேயே அசிங்கமாக இருந்தது. சனிக்கிழமை காலை, லிம்மிடமும் சொல்லாமல், கொமியூட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போனேன். வீட்டுக்குப் போகவில்லை. நேரே தொழிற்சாலைக்குப் போய், முதல் வேலையாக வரவேற்பறையில் அந்தப் பூச்செடியை நகர்த்தினேன். ‘டத்தோ சேகர்’ என்று ஒல்லி உருவத்தின் கீழே இருந்தது. அதற்கும் கீழே, பொடி எழுத்தில், ‘பெருமையுடன் வாழ்த்தும் அண்ணன் கோபால்’.

டத்தோ சேகர் என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே மன்னிச்சிருங்க டத்தோ என்றேன். மனப்பாடம் செய்துகொண்டு போன மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

“அடைக்கச் சொன்னீங்க, அடைச்சேன். சரி, தெரியாம சொல்லிட்டீங்க,” என்றார். “தெரிஞ்ச பெறகும் போடச் சொன்னீங்களே, அதத்தான் என்னால தாங்க முடியல.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் குரல் மாறியது. அண்ணன் ஆறாம் வகுப்போடு நின்று மாவு மெஷினில் வேலைக்குப் போய்த் தன்னைப் படிக்க வைத்தவர் என்றார். பட்டம் வாங்கின அன்றைக்கு மாலையை அவர் கழுத்தில்தான் முதலில் போட்டேன், வேண்டாம் வேண்டாம் என்று கூச்சப்பட்டார் என்றார்.

“அன்னிக்கு அண்ணன் கண்ணு கலங்குச்சே, பாத்தீங்களா? எங்கம்மா செத்தப்பகூட அவரு அழுது நான் பாத்ததில்ல.”

கதவோரம் தே தாரிக் டீக் கோப்பையோடு கோபால் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

“டேய், அது மிளகாடா. ஃபேன் கெட்டுப் போச்சுல்ல.”

“அந்த மெஷினு பக்கத்துல முப்பது வருசமா நிக்கிறாரு,” என்று தம்பி என்னிடம் சொன்னார். “ஒரு நாளு கண்ண தொடச்சதில்ல.”

கோபால் அந்தக் கோப்பையை எனக்கு நீட்டினார். உங்களை எப்படிக் கூப்பிடட்டும் என்று கேட்டேன். அங்கிள் என்று கூப்பிட்டால் போதும் என்றார். இரண்டு அடி போய்விட்டுத் திரும்பி, மீட்டிங்கில் மட்டும் உன் இஷ்டம் என்றார். அதற்கு டத்தோ சேகர் சிரித்த சிரிப்பில்தான் எனக்கு உயிர் வந்தது.

ஒப்பந்தம் அடுத்த வாரம் வந்தது. கடைசியில் ஒரு வரி பேனாவால் சேர்த்திருந்தார்கள்: வருடாந்திரத் தீப் பயிற்சியை இந்தப் பெண்ணே வந்து நடத்த வேண்டும். லிம் என் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். கூடவே ஒரு தண்டனையும் கொடுத்தார். அந்தத் தீப் பயிற்சி நாள்வரை நான் எந்த வாடிக்கையாளர் முன்னாலும் பேசக்கூடாது. போகலாம், லைட்டை அடைக்கலாம், போடலாம். அதைக் கிட்டத்தட்ட ஒரு வருடம் செய்தேன். இன்றைக்கும் எந்த அறைக்குப் போனாலும் என் கண் முதலில் சுவிட்ச் எங்கே என்றுதான் தேடும்.

வீட்டில் இதைச் சொன்ன நாளில் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். என் தம்பி தினேஷ் சோற்றுத்தட்டை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதியாக அழ வழியில்லை. டிவி பார்த்துக் கண் கலங்கினாலும், வெங்காயம் உரித்தாலும், அத்தை வீட்டு நாய் செத்ததற்கு அம்மா மூக்கைச் சிந்தினாலும், உடனே ஒரு குரல் வரும்: “மிளகாயா, டத்தோவா?” மிளகாய் என்றால் சும்மா. டத்தோ என்றால் நெஞ்சிலிருந்து வந்தது. எல்லாரும் மிளகாய் என்றே சொல்லித் தப்பித்துவிடுவோம். அப்பா அந்த விளையாட்டிலேயே சேர மாட்டார். வேலை உறுதியானதற்கும் அவர் சொன்னது, அப்ப அந்த நாற்காலிக்கு மாமாவ வேற ஆள் பாக்கச் சொல்லிர்றேன் என்பது மட்டும்தான்.

முதல் வருடப் பயிற்சி நாள் வந்தது. அதற்குள் நான் வாங்கியிருந்த பழைய கார் பட்டறையில் இருந்ததால், முந்தின இரவே கிள்ளான் வீட்டுக்கு வந்துவிட்டேன், அப்பாதான் கொண்டுபோய் விட்டார். காரிலேயே இருக்கிறேன் என்றவரைக் கோபால் அங்கிள் விடவில்லை. உள்ளே இழுத்து வந்து கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார். நான் முன்னால் போய் நின்றேன். முதல் வரியாக, போன வருடம் இதே இடத்தில் நான் செய்த கூத்துக்கு எல்லாரும் மன்னிக்க வேண்டும் என்றேன். கூடியிருந்த ஊழியர்கள் அறுபது பேரும் சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகப் பெயர் கேட்டுவிட்டு ஆரம்பித்தேன். டத்தோ சேகர் நான் சொல்லாமலே எழுந்து போய் லைட்டை அடைத்தார். அதற்குக் கைதட்டலே கிடைத்தது. குரல் கடைசி வரிசைவரை போனது. நடுவில் இரண்டு முறை சாரி சொன்னேன், ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

லைட் வந்தபோது அப்பாவின் கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்க் கார் கதவைத் திறந்து வைத்தார். வழியில் மழை வரும்போல இருக்கிறது என்றார்.

வீட்டு வாசலிலேயே தினேஷ் பார்த்துவிட்டான்.

“அப்பா, என்னா கண்ணு இப்படி? மிளகாயா, டத்தோவா?”

“மிளகா,” என்றார் அப்பா. அந்த விளையாட்டில் அவர் சேர்ந்தது அன்றைக்குத்தான். “அந்த ஃபேக்டரில மனுசன் நிக்க முடியாது லா.” சொல்லிவிட்டு நேரே குளிக்கப் போய்விட்டார்.

தினேஷ் நம்பிவிட்டான். ஃபேனை முன்பே மாற்றிவிட்டார்கள் என்பதையும், பயிற்சிக்காக அன்றைக்கு மிளகாய் மெஷினையே நிறுத்தியிருந்தார்கள் என்பதையும் நான் இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.